பெரியவனின் பின்னந்தலை

மார்ச் 4, செவ்வாய்

மழை. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். ஓட்டுநர் பயிற்சி வண்டியை நிறுத்திவிட்டு அலுவலகக் கதவுக்கு ஓடுவதற்குள், வழுக்கையை மறைக்கத் தலையில் தூவியிருந்த கறுப்புப் பொடி கரைந்து நெற்றியில் இறங்கிவிட்டது. வரவேற்பு மேசைப் பெண் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.  சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தினமும் காலையில் இதே பிழைப்பு. தூவு, தட்டு, ஸ்ப்ரே அடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நில். பிறகு நாள் முழுக்கத் தலையைச் சொறியாமல் இருக்க வேண்டும். வீட்டில் என் பக்கத் தலையணைக்கு மட்டும் கரும்பச்சை உறை. மனைவி பக்கம் வெள்ளை. வெள்ளை உறையில் என் பொடிக் கறையைத் துவைத்துத் துவைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு வேறு வீட்டுத் தலையணைகள் ஒரே கட்டிலில் கிடப்பது போல இருக்கும்.

இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

முடி நடும் இடத்துக்குப் போனேன். ஆலோசகர் என்று ஒரு பெண். குரலில் அப்படி ஒரு இனிப்பு. என் நெற்றியில் பேனாவால் வளைவாக ஒரு கோடு போட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இதான் சார் இனிமே நீங்க"ன்னு சொன்னாள். இருபது வயதில்கூட எனக்கு அவ்வளவு கீழே முடி இருந்ததில்லை.

முன்னால் நடுவதற்குப் பின்னந்தலையிலிருந்துதானே எடுக்க வேண்டும், என் பின்னந்தலையை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே என்றேன். திரும்பி உட்கார்ந்து காட்டினேன். பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"அதெல்லாம் மேனேஜ் பண்ணிடலாம் சார்."

என்னத்தை மேனேஜ் பண்ணுவது? ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் இதே போல ஒருவன் மேனேஜ் பண்ணியதன் விளைவுதான் இது. பின்னாலிருந்து வகைதொகை இல்லாமல் பிடுங்கி முன்னால் நட்டான். நட்டதில் பாதி பிழைக்கவில்லை. பிடுங்கிய இடமெல்லாம் பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருக்கிறது, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் வேறு. அதனால் முடி வளர்த்தாலும் மானம் போகிறது, மொட்டை அடித்தாலும் புள்ளி தெரிந்து மானம் போகிறது.

பெரியவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தினமும் காலையில் ரேசரை எடுத்து நாலு இழுப்பு, வேலை முடிந்தது. நானும் அவனும் இரட்டைப் பிள்ளைகள். அவன் எனக்குச் சில நிமிடம் முன்னால் பிறந்துவிட்டான், அதனால் அவன் பெரியவன், நான் சின்னவன். நாற்பது தாண்டியும் இது மாறவில்லை.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற ஒரு நூலகர் அம்மாள். எதைப் பார்த்தாலும் பிரேக் அடிப்பார். புறா பறந்தால் பிரேக், தூரத்தில் யாராவது தும்மினால் பிரேக். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பிரேக்கம்மா என்றே பெயர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு கண்ணாடி, எனக்குத் தனியாக ஒரு கண்ணாடி. என்னுடையது பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க. அதை நான் எப்போதோ என் நெற்றிக்குத் திருப்பி வைத்துவிட்டேன்.

இன்று ஒரு திருப்பத்தில் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. பொடி கலைந்ததா என்று கண்ணாடியைப் பார்த்தேன். அந்த ஒரு கணம் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, பிரேக்கம்மா பிரேக் அடிக்கவில்லை. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. நானும் அடிக்கவில்லை. ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் இடித்தோம், அது உருண்டு போய் ஒரு வீட்டு வாசலில் நின்றது.

இறங்கிப் பொறுக்கிப் போட்டோம். அவர் மறுபடி வந்து உட்கார்ந்ததும் என் கண்ணாடியை எட்டிப் பார்த்தார்.

"இதுல பின்னாடி ரோடு தெரியலையே சார். உங்க தலைதான் தெரியுது."

மார்ச் 13, வியாழன்

பிரேக்கம்மா சொல்லிவிட்டார் போல, முதலாளி கண்ணாடியைப் பற்றி விசாரித்தார். வெயிலில் கண் கூசியது, அதனால் திருப்பி வைத்தேன் என்றேன். நேற்று மேகமூட்டம்.

மார்ச் 22, சனி

மனைவி கண்டுபிடித்துச் சொன்ன தோல் மருத்துவரிடம் போனேன். இனிப்புக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு சின்னக் கருவியைப் பின்னந்தலையில் வைத்து, ஊர்ந்து ஊர்ந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நேராகவே சொன்னார்.

பின்னால் மிச்சம் இருப்பது கொஞ்சம். அதை வைத்து நெற்றியை மூடலாம், அல்லது உச்சியை மூடலாம், இரண்டும் முடியாது. அந்த மிச்சமும் மெலிய ஆரம்பித்திருக்கிறது, அதனால் நட்ட பிறகு அதுவும் கொட்டலாம். கொட்டினால் திரும்ப எடுத்து நட ஒன்றும் இருக்காது.

"அப்ப செய்யலாமா வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் செய்ய மாட்டேன் என்றார். இதைச் சொல்லவா டாக்டர் அம்மா இத்தனை நேரம் என் தலையைத் தடவினீர்கள்?

எழுந்திருக்கும்போது வழக்கமான கேள்வியாக, கூடப்பிறந்தவர்களுக்கு வழுக்கை உண்டா என்றார். இரட்டை அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் உச்சி காலி, ஆனால் பின்னால் யாரும் கை வைக்கவில்லை என்றேன். அவர் உட்காரச் சொன்னார்.

பொதுவாக இன்னொருவர் முடியை நம் தலையில் நட்டால் உடம்பு ஏற்காதாம். அச்சு அசலாக ஒரே மாதிரி இரட்டையர் என்றால் மட்டும் ஏற்குமாம். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வேன் என்றார்.

பரிசோதனை எதற்கு? பள்ளிக்கூடத்தில் அவன் செய்த குறும்புக்கெல்லாம் நான்தானே முட்டி போட்டேன்.

ஆனால் கேட்க மாட்டேன். அவனிடம் போய், உன் முடியைக் கொடு என்று என் வாயால் கேட்க மாட்டேன். ஆறு வருடம் முன்னால் நான் நடப் போகிறேன் என்றபோதே, "உனக்கு எதுக்குடா இந்த வேலை"ன்னு கேட்டான். அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இன்று வரை, நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மனைவி பெரியவனிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமல், நான் குளித்துக்கொண்டிருக்கும்போது, போனில். ஈரத் தலையோடு வந்து நிற்கிறேன், போனை என் காதில் வைக்கிறாள்.

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்கடா. நான் எப்படியும் தெனம் வழிச்சுக் கீழதான போடறேன்" என்றான்.

நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

ஏப்ரல் 5, சனி

நானும் பெரியவனும் மருத்துவரிடம் போனோம். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை இடத்திலிருந்து நேராக வந்திருந்தான், கையில் கிரீஸ், தலை பளபள. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுத்தார்கள். முடிவு வர நாளாகுமாம். அவனிடம் மட்டும் மருத்துவர், கொஞ்ச நாள் ஷேவ் செய்யாமல் இருங்கள், அடர்த்தி பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் என் தோளில் கையைப் போட்டு, நெற்றியை மட்டும் மூடப் போகிறாயா, இல்லை உச்சியையும் சேர்த்தா என்றான். ஏதோ பெயிண்ட் அடிக்கிற விஷயம் மாதிரி. அவன் கையைத் தட்டிவிடத் தோன்றியது. தட்டிவிடவில்லை.

ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று நெற்றியில் கோடு போட்டுப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருக்கிறது. யாரிடம் மறைக்க?

ஏப்ரல் 26, சனி

பெரியவனைப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அடர்த்தி பார்க்க ஒரு வாரம் விட்டாலே போதும். இவன் விவசாயமே பண்ணிக்கொண்டிருக்கிறான். ஷேவ் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டான். தினமும் எண்ணெய் தேய்க்கிறானாம். உச்சி வெறிச்சென்று கிடக்க, காதுக்கு மேலே சுற்றிலும் குச்சி குச்சியாக நிற்கிறது. லிஃப்ட் வேலை செய்கிற பையன்களெல்லாம் அவனுக்கு ரிடையர்டு ஆபீசர் என்று பட்டம் கட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லி அவனே சிரிக்கிறான். இவ்வளவு நீளமெல்லாம் தேவையில்லைடா என்றேன். "இருக்கட்டும், நல்லா வெளையட்டும்" என்றான்.

எதிரே உட்கார்ந்திருப்பது நான்தான். பொடி தூவாத நான். அவன் மனைவி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அந்தக் குச்சி முடியை ஒரு தரம் கலைத்துவிட்டுப் போனாள். என் தலையை யாராவது தொட்டு எத்தனை வருடம் ஆகிறது? தொட வந்தாலே நான்தான் விலகிவிடுகிறேன்.

மே 9, வெள்ளி

அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒருத்தன் தலையில் பிடுங்கி இன்னொருத்தன் தலையில் நடுவதா என்று ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு, பெரியவனுக்கு வலிக்குமா என்று கேட்டாள். எனக்கு வலிக்குமா என்று கேட்கவில்லை.

மே 16, வெள்ளி

பிரேக்கம்மா ஓட்டிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் போனில் கூப்பிட்டார். ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் பேசினேன்.

ஒரே மாதிரி இரட்டையர் இல்லையாம். ஒன்றாகப் பிறந்த சாதாரண அண்ணன் தம்பியாம். முகம் இவ்வளவு ஒத்துப்போவது சில பேருக்கு உண்டாம். அவன் முடியை என் தலை ஏற்காது. மன்னிக்கணும் என்றார்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஏதாவது கெட்ட செய்தியா சார் என்று பிரேக்கம்மா கேட்டார். எங்க அண்ணன் எங்க அண்ணன் மட்டும்தானாம் என்றேன். அவர் பாவம், என்ன புரிந்துகொண்டாரோ, இன்ஜினை அணைத்தே விட்டார்.

மே 17, சனி

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"என் வயித்துல இருந்தது எனக்குத் தெரியாதா, எச்சில் தொட்டுப் பாத்த அவங்களுக்குத் தெரியுமா?"

எப்படித் தெரியும் என்று துருவிக் கேட்டதில், பிறந்தபோது ஒரு நர்ஸ், "ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கே" என்றாளாம். அவ்வளவுதான் ஆதாரம். அந்த நர்ஸ் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், நாங்கள் நாற்பது வருடம் ஒரே நிறத்தில் சட்டை போட்டோம்.

பெரியவனிடம் போனில் சொன்னேன். ஓஹோ என்றான். லிஃப்ட் வேலை இருக்கு, வைக்கிறேன் என்றான்.

மே 24, சனி

பெரியவன் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான். நான் என்ன பண்ணினேன்? முடி போனது எனக்கு. கோபித்துக்கொள்வது அவன்.

மே 27, செவ்வாய்

முடி நடும் இடத்து இனிப்புக் குரல் கூப்பிட்டது. வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள், எப்போதும் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். இன்று என்ன எரிச்சலோ, சரி, தேதி கொடுங்கள் என்றேன். ஜூன் 9. பின்னால் இருக்கிறதை எல்லாம் சுரண்டி நெற்றிக்குப் போட்டுவிடலாம். பிழைத்தால் பிழைக்கட்டும். ஒரு இரண்டு வருடமாவது காற்றில் தலை கலைய நடக்கிறேனே, அதுகூட எனக்கு ஆகாதா?

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"மொதல் தடவ பண்ணிட்டு வந்தப்ப பத்து நாள் குப்புறப் படுத்து அழுதீங்க. அப்ப பக்கத்துல இருந்தது நான்தான். இந்தத் தடவ என்னால முடியாதுங்க."

மறுபடி கூப்பிட்டுத் தேதி வேண்டாம் என்று சொல்லலாமா என்று போனைக் கையில் வைத்திருந்தேன். சொல்லவில்லை. பிடிவாதம்.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் பெரியவன் வந்தான். கையில் அவனுடைய டிரிம்மரும் ரேசரும். வாசலிலேயே நின்றுகொண்டு, "வெளைஞ்சத அறுக்கணும். வா" என்றான்.

பின்பக்க முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். முடி உண்மையாகவே நன்றாக வளர்ந்திருந்தது. காதின் மேல் விளிம்பைத் தொட்டு, பிடரியில் படிந்திருந்தது. எண்ணெய் பிசுக்கு வேறு. விரலிடுக்கில் பிடிக்க முடிந்தது. இவ்வளவும் எனக்காக வளர்த்தது என்று நினைத்ததும் டிரிம்மரை வைக்கக் கை வரவில்லை. அவன்தான், கரண்ட் போகுமுன்னாடி முடிடா என்றான்.

பாதி ஆனபோது கேட்டேன், ஏன் போனை எடுக்கவில்லை என்று. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு நீ பண்ணிட்டு வந்தியே, மொதல் தடவ. கட்ட அவுத்துக் காட்டினப்ப எனக்கு இங்க வலிச்சுதுடா" என்று தன் பின்னந்தலையைத் தொட்டான். "நெசமாவே வலிச்சுது. ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு, அதான் வலிக்குதுன்னு நெனச்சேன். உன் பின்னாடி பாத்தாலே கஷ்டமா இருக்கும், அதனாலதான் அதப் பத்தி உன்கிட்ட பேசவே மாட்டேன். இப்ப போன் பண்ணி, ஒரே உடம்பு இல்லன்னு சொல்ற."

ஆறு வருடமாக நான் இதைப் பெருந்தன்மை என்று நினைத்து உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். இவனோ என் தலையைப் பார்த்து வலியில் இருந்திருக்கிறான்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது. அந்த டெஸ்ட்டுக்கு என்ன தெரியும்."

டிரிம்மரை மறுபடி எடுத்தேன்.  மீதியை மழித்து முடித்தேன். ரேசர் போட்டு, துண்டால் துடைத்து, முதல் முறையாக அந்தப் பின்னந்தலையைக் கிட்டத்தில் பார்த்தேன். சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இப்போது பொறாமையாக இல்லை. அவனுக்காவது இப்படி இருக்கிறதே என்றுதான் இருந்தது.

அவன் எழுந்ததும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கும் போடு என்றேன்.

"புள்ளி தெரியுமேடா."

"தெரியட்டும்."

அவன் கை என்னுடையதைவிட மெதுவாக வேலை செய்தது. புள்ளி இருக்கிற இடத்தில் ரேசரை எடுத்துவிட்டு விரலால் ஒரு தடவு தடவி, பிறகு மறுபடி. நான் விலகவில்லை. முடிந்ததும் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, யாரு யாருன்னே தெரியல, ரெண்டு பேரும் காபி குடிக்க வாங்க என்றாள்.

ஜூன் 2, திங்கள்

காலையில் கதவைத் தாண்டக் கால் வரவில்லை. தெருவே என் பின்னந்தலையைப் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். ஒருவன்கூடப் பார்க்கவில்லை. பால்காரர் பார்க்கவில்லை, சிக்னலில் நின்றவன் பார்க்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, புதுச் சட்டையா சார் என்றாள். இவர்களுக்கு முன்னாலா நான் இத்தனை வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்? வயிறு எரிகிறது.

முதலாளி மட்டும் என்னைப் பார்த்ததும் எழுந்து கைகுலுக்கி, "வாங்க வாங்க, தம்பி லீவா இன்னிக்கு? உங்களை அனுப்பிட்டாரா?" என்றார். நான்தான் சின்னவன் என்று சொல்லியும் நம்பவில்லை. ஒரே மாதிரி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் முதல் முறையாக, என்னைப் பெரியவன் என்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

வெயிலில் தலை சுடுகிறது. தொப்பி போட்டால் அரிக்கிறது. பிரேக்கம்மாவுக்குத் தேர்வு நெருங்குகிறது. நேராகத் திருப்பி வைத்த என் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி நன்றாகத் தெரிந்தது, அவர் பிரேக் அடிக்கப் போவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

ஜூன் 9, திங்கள்

பத்து மணிக்கு இனிப்புக் குரல். சார், ரூம் ரெடியா இருக்கு, எங்க இருக்கீங்க என்றாள். வரவில்லை அம்மா என்றேன். பயமாக இருக்கிறதா சார் என்றாள். இல்லை, எடுக்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் எங்கள் அண்ணன் எடுத்துவிட்டான் என்றேன். இனிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஜூன் 14, சனி

மழை. ஓடவில்லை. நனைந்தே வீட்டுக்கு வந்தேன். துண்டு தேடி உள்ளே போனால், மனைவி படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கத் தலையணைக்கும் வெள்ளை உறை.